கேட்காமல் எடுக்கும் பெட்டி

"முதலுதவி அறையில ஒரு பெட்டி ஆணுறை வைக்கணும் டீச்சர். பிள்ளைங்க யாருகிட்டயும் கேட்காம எடுத்துக்கிற மாதிரி வைக்கணும்."

சொல்லிவிட்டேன். தலைமையாசிரியை அறையின் மின்விசிறிக்கு ஒரு சத்தம் உண்டு என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெற்றோர் கமிட்டித் தலைவர் வாய்க்குக் கொண்டுபோன டீயை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

காலையில் செருப்பு மாட்டும்போதுகூட அம்மா சொன்னாள். "எதை வேணும்னாலும் கேளு. சம்பளத்தைக் கேளு, லீவைக் கேளு, அந்தம்மா உட்கார்ந்திருக்கிற நாற்காலியையே கேளு. அதை மட்டும் வாயைத் திறந்து கேட்டுடாதடி."

அம்மா இந்தப் பள்ளியைப் பெருக்கித் துடைக்கிறவள், இருபது வருடமாக. நான் இங்கேயே படித்து, எங்கள் வம்சத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, இதே பள்ளியின் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். இரண்டு வருடமாகத் தற்காலிகம். என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு அன்று மேசைமேல் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் கிடந்தது. என் பெயர் தலைகீழாகத் தெரிந்தது. தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டால், சாகும்வரை எனக்குச் சோற்றுக்குக் கவலை இல்லை. அம்மாவும் துடைப்பத்தைக் கீழே வைத்துவிடலாம்.

கமிட்டித் தலைவர் டீயை ஒருவழியாக மேசையில் வைத்தார். அவர் மருந்துக்கடைக்காரர்.

"என் கடையிலதான் இருக்கேம்மா. தேவைப்படுறவங்க வந்து வாங்கிக்கட்டும். நான் என்ன வேண்டாம்னா சொல்றேன்?"

"உங்க கடையில வந்து கேட்டா, பொருள் பைக்குள்ள போறதுக்கு முன்னாடி சேதி வீட்டுக்குப் போயிடும் சார்."

"பாருங்க டீச்சர், வாயைப் பாருங்க!"

தலைமையாசிரியை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை. பிழையான விடைத்தாளைப் பார்ப்பதுபோல.

*

பள்ளியில் ஆணுறை இல்லாமல் இல்லை. அதுதான் வேடிக்கை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுகாதார நிலையத்திலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வரும். மாணவர்களுக்கு என்று மேலே அச்சடித்தே இருக்கும். அது நேராக ஆய்வகத்தின் இரும்பு அலமாரிக்குப் போகும். சாவி என்னிடம். ஆனால் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுக்க எனக்கு அனுமதி இல்லை. வேறு எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. நுரையீரல் எப்படி விரிகிறது என்று காட்ட, பாட்டிலின் அடியை வெட்டி அங்கே ரப்பர்த் தாள் கட்டுவோமே, அதற்கு அதைத்தான் வெட்டிக் கட்டுவேன். சோதனைக் குழாய்களின் வாயை மூட அதுதான். மேசைக் கால் ஆடினால் அடியில் மடித்து வைக்கவும் அதுதான்.

இந்த வருட மழைக்காலத்தின் முதல் வாரம், காலைக் கூட்டத்தில் தூறல் விழுந்தது. மைக்செட் அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். எல்லா மழைக்காலத்திலும் காட்டுவதுதான். நான் போய் ஒன்று எடுத்து வந்து கொடுத்தேன். அவர் அதை நீட்டி இழுத்து மைக்கின் தலையில் மாட்டி, கழுத்தில் ஒரு முடிச்சும் போட்டார். தண்ணீர் இறங்காது, சத்தமும் மங்காது, கடையில் விற்கிற எந்த உறையும் இதற்கு ஈடாகாது என்பது அவர் தொழில் ரகசியம். தலைமையாசிரியை குடைக்கடியில் வந்து நின்று, அந்த மைக்கில் வாயை வைத்து, இளமையில் கட்டுப்பாடு என்ற தலைப்பில் பதினைந்து நிமிடம் பேசினார்.

பன்னிரண்டாம் வகுப்பு வரிசையில் ஒருத்தி மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டாள். எல்லாவற்றுக்கும் வாதாடுவதால் அவளுக்கு வக்கீல் என்று பெயர். கூட்டம் கலைந்ததும் ஆய்வகத்துக்கு வந்தாள். முகத்தில் சிரிப்பு போயிருந்தது.

"லேப் அக்கா, அது மைக்குக்கு உண்டு. நமக்கு இல்லையா?"

"போ, வகுப்புக்கு நேரமாச்சு."

"போன வருஷம் எங்க வகுப்புல ரெண்டு பேர் காணாமப் போனாங்க. நீண்ட விடுப்புன்னு போட்டாங்க. ரெண்டும் பொண்ணுங்க. பையனுங்க ஒருத்தன்கூட விடுப்புல போகலை. அது ஏன்னு மட்டும் சொல்லுங்க, போயிடுறேன்."

மூன்றாவது மேசையைத் துடைக்கப் போய்விட்டேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

*

மூன்றாவது மேசை என் அக்காவுடையது. ஜன்னலோரம், குழாய்க்குப் பக்கத்தில். மேசைப் பலகையின் அடிப்பக்கத்தைத் தடவினால் விரலுக்குத் தட்டுப்படும். கவராயத்தின் கூர்முனையால் அவள் கீறி வைத்தது: 'தூக்கம் வருது'. ஒன்பது வருடமாக அங்கே அவளுக்குத் தூக்கம் வந்துகொண்டே இருக்கிறது. பிள்ளைகள் போனபிறகு நான் அந்த இடத்தில் உட்கார்ந்து அதைத் தடவிப் பார்ப்பேன். இந்தப் பள்ளியில் நானூறு பிள்ளைகள் என்னை அக்கா என்று கூப்பிடுகின்றன. அந்த வார்த்தையை வைத்துக் கூப்பிட எனக்குத்தான் வீட்டில் ஆளில்லை.

அப்போது நான் எட்டாம் வகுப்பு, அவள் பன்னிரண்டாம் வகுப்பு. இன்றைய தலைமையாசிரியை அன்று மொழிப்பாட ஆசிரியை, சுகாதார வகுப்பும் அவருக்கே. தாழ்வாரத்தில் தகரப் பெட்டி ஒன்றை மாட்டினார். பெயர் சந்தேகப் பெட்டி. 'மனதில் இருப்பதைப் பெயர் போடாமல் எழுதிப் போடுங்கள். வகுப்பில் பதில் சொல்லப்படும்' என்று பக்கத்தில் ஒரு அட்டை. நல்ல எண்ணம்தான். பெட்டியைத் திறக்கிறவரும் பன்னிரண்டாம் வகுப்பின் கட்டுரை நோட்டுகளைத் திருத்துகிறவரும் ஒரே ஆள் என்பது மட்டும் எவர் மூளைக்கும் எட்டவில்லை.

என் அக்கா மூளைக்கு எட்டியது. ஒரு துண்டுச்சீட்டை என் கையில் கொடுத்தாள்.

"இதை உன் கையால வேற தாள்ல எழுதிப் போடு. உன் எழுத்து அவங்களுக்குத் தெரியாது. என்னுதைக் கிழிச்சுடு. என்ன?"

பிரித்துப் படித்தேன். 'ஆணுறை எங்கே கிடைக்கும்? பெயர் சொல்லாமல், கடையில் கேட்காமல் வாங்க முடியுமா?'

அந்த முதல் வார்த்தையை எழுத எனக்குக் கை வரவில்லை. பேனாவைத் திறந்தேன், மூடினேன். யாராவது எட்டிப் பார்த்தால்? பதினான்கு வயது. வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில் எழுதவே இல்லை. அவள் சீட்டையே மடித்துப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு ஓடினேன்.

இரண்டே நாள். அம்மாவை அழைத்தார்கள். அம்மா துடைத்துக்கொண்டிருந்த கையோடு போனாள். பின்னாலேயே நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் நின்றேன். டீச்சர் கையில் அந்தச் சீட்டு, எதிரே அக்கா. அக்கா அதைப் பார்த்தாள். தன் எழுத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை.

"நான்தான் எழுதினேன் டீச்சர். நான்தான் போட்டேன்" என்றாள்.

என் பெயரை இழுக்கவே இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றுவரையும் இல்லை.

இறுதித் தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தது. அம்மா அவளை வீட்டோடு உட்கார வைத்தாள். கேட்டவள் ஜாக்கிரதைக்காரி, கேட்காதவள்தான் மாட்டுவாள் என்று சொல்ல அந்த வீட்டில் ஆளில்லை. அடுத்த வருடம் அக்கா சைக்கிள் பழுதுபார்க்கும் ஒருவனோடு போனாள். அதற்கடுத்த வருடம் அவன் அவளில்லாமல் போனான். இப்போது வேறொரு ஊரில், ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடத்தில் வேலை. ஏழு வயதில் ஒரு மகள். பொன்னான பிள்ளை, அவளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் இன்னும் பத்து வருடம் கழித்து வந்திருக்கலாம், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனில் பேசுவோம். மழையைப் பற்றி, மகளின் பல் விழுந்ததைப் பற்றி. சீட்டைப் பற்றி மட்டும் பேசமாட்டோம். அவள் என்னை ஒருமுறை திட்டிவிட வேண்டும் என்று ஒன்பது வருடமாகக் காத்திருக்கிறேன். 'ஒரு வார்த்தை எழுத உனக்குக் கை ஒடிஞ்சா போச்சு' என்று கேட்டால் போதும். சின்ன வயதில் என் பேன்சீப்பை உடைத்தாய் என்று வீட்டைச் சுற்றித் துரத்தியவள். அந்த வாய்க்கு நான் ஏங்கிப் போயிருக்கிறேன்.

*

வக்கீல் விடவில்லை. கல்வி அலுவலகத்துக்கு மனு எழுதினாள். கையால் எழுதினால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டச்சு செய்து வந்தாள். அதுவரை புத்திசாலி. கையெழுத்து வாங்கப் போனபோது ஒருவரும் போடவில்லை. பெயர் தெரிந்தால் வீட்டில் தோலை உரித்துவிடுவார்கள்.

"அப்ப பெருவிரல் ரேகை வைப்போம்" என்றாள். "ரேகையைப் பார்த்துப் பேர் சொல்ல இந்தப் பள்ளிக்கூடத்துல யாரு இருக்கா? மை மட்டும் வேணும் அக்கா."

மைத்தட்டு அலுவலக அறையில். அங்கே போய்க் கேட்க முடியாது. நான் என்ன செய்தேன் என்றால், கன்னத்து உயிரணுவை நுண்ணோக்கியில் பார்க்கும்போது ஒரு சொட்டு விடுவோமே, அந்த நீலச் சாயத்தை எடுத்துக் கொடுத்தேன். ஆய்வகமே உலகம் என்று இருக்கிறவளுக்குத்தான் இப்படி யோசனை வரும். மூன்று நாளில் நூற்று எண்பத்து மூன்று ரேகைகள்.

வீட்டில் சொன்னபோது அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டாள். "எனக்கு எழுதத் தெரியாது, கைநாட்டு வைக்கிறேன். இதுங்க எழுதத் தெரிஞ்சும் கைநாட்டு வைக்குதுங்களா? அப்புறம் எதுக்குப் படிக்க வைக்கிறாங்க?"

அந்தச் சாயம் தோலில் பட்டால் ஒரு வாரத்துக்குப் போகாது. ஆய்வகத்தில் இரண்டு வருடம் இருந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். நினைவுக்குத்தான் வரவில்லை. மறுநாள் காலைக் கூட்டத்தில் நூற்று எண்பத்து மூன்று பிள்ளைகள் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு நின்றன. தலைமையாசிரியை வரிசை வரிசையாக நடந்து "கையை நீட்டு, கையை நீட்டு" என்றார். மைக்செட் அண்ணன் என்னிடம் குனிந்து, "என்ன தங்கச்சி, பிள்ளைங்களுக்கு ஏதும் புது வியாதியா?" என்றார்.

இரண்டாவது தடவையாக என்னால் பிள்ளைகளை அவர்கள் கையே காட்டிக்கொடுத்துவிட்டது. அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

மனு அலுவலகத்துக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டது. மேலே ஒரு குறிப்பு: பெயரில்லாத மனுவை ஏற்க முடியாது, பள்ளி ஊழியர் ஒருவர் வெள்ளிக்கிழமைக்குள் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டால் பரிசீலிக்கலாம்.

ஊழியர் ஒருவர். ஆசிரியர்களிடம் போனோம். ஒருவருக்கு மகள் கல்யாணம், ஒருவருக்கு இடமாற்றம், ஒருவருக்கு ரத்த அழுத்தம்.

"ஊழியர்னு பொய் சொல்லி நானே போடட்டா அக்கா?" என்றாள் வக்கீல்.

"நீ பரீட்சை எழுது. ஒருத்தி எழுதாமப் போனது போதும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் இதைச் சொன்னேன். பின்னால் துணி வெளுக்கும் இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன.

"யாருகிட்டயும் கேட்க வேண்டாமா?" என்றாள்.

"வேண்டாம்க்கா. கதவைத் திறந்து எடுத்துக்கலாம்."

"எழுதிப் போட வேண்டாமா?"

"வேண்டாம்."

வெகுநேரம் இயந்திரச் சத்தம் மட்டும். போனை வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன். இப்போது திட்டுவாள், இதோ திட்டுவாள் என்று காதை அழுத்திக்கொண்டு நின்றேன்.

"அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு?" என்றாள்.

ஒன்பது வருடத்தில் அம்மாவைப் பற்றி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. போனை வைத்ததும் அம்மாவிடம் சொன்னேன். "அக்கா உன் முட்டி வலியைக் கேட்டா." அம்மா காதில் விழாததுபோல அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

*

இப்போது வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணி. தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உனக்கு நான் கெட்டவளாத் தெரியுறேன், இல்ல? உங்க அம்மா தரையைத் துடைச்சு உன்னைப் படிக்க வச்சா. நீ மேல வரணும்னு நினைக்கிறவள்ல நானும் ஒருத்தி. இந்த உத்தரவுக்காக நாலு தடவை அலுவலகத்துக்கு நடந்தேன்."

பொய் இல்லை. நடந்தார்தான்.

"மனுவுக்கு நான் பொறுப்பு இல்லைன்னு ரெண்டு வரி எழுதிக் கொடு. உத்தரவுல இப்பவே கையெழுத்துப் போடுறேன். பிள்ளைங்களுக்கும் ஏதாவது செய்யாம விடப்போறதில்ல. ஒரு பெட்டி வைப்போம்."

எனக்கு ஒரு நொடி நெஞ்சு துள்ளியது. "என்ன பெட்டி டீச்சர்?"

"சந்தேகப் பெட்டி. பேர் போடாம எழுதிப் போடட்டும். இந்தத் தடவை நான் திறக்கலை, நீயே திற. உன்கிட்டதான் பிள்ளைங்க ஒட்டுதே."

"ஆகா, அருமையான யோசனை" என்றார் மருந்துக்கடைக்காரர். டீயை மறுபடியும் எடுத்துக்கொண்டார்.

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்பார்கள். தலைமையாசிரியை தொட்டில் கயிற்றை என் கையிலேயே கொடுக்கிறார். கத்த வேண்டும்போல் இருந்தது. அந்தப் பெட்டிக்கு முன்னால் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணைத்தான் நான் பார்த்தேன்.

"எங்க அக்கா சீட்டு ஞாபகம் இருக்கா டீச்சர்?"

அவர் மேசைமேல் இருந்த கண்ணாடியின் காதை மடித்தார், பிரித்தார்.

"அவ கட்டுரைக்கு எப்பவும் முழு மார்க் போடுவேன். வகுப்புல படிச்சுக் காட்டுவேன். அதான் எழுத்து மனசுல நின்னுடுச்சு." பிறகு, இன்னும் தணிந்த குரலில், "நல்லதுன்னு நினைச்சுத்தான் உங்கம்மாவைக் கூப்பிட்டேன்."

இது எனக்குத் தெரியாது. அவள் எழுத்து பிடித்துப்போனதால்தான் அவள் பிடிபட்டாள். இத்தனை வருடமாக வளர்த்த கோபத்தை எங்கே வைப்பது என்று ஒரு கணம் தெரியவில்லை. ஆனால் அந்த இரண்டு வரிக்கான வெள்ளைத் தாளை அவர் என் பக்கம் நகர்த்தினார், மேலே பேனாவையும் வைத்தார். கோபம் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது.

"மனுவை நேத்து என் கையாலேயே மறுபடியும் எழுதிட்டேன் டீச்சர். அந்த வார்த்தை பதினோரு இடத்துல வருது. பதினோரு தடவையும் முழுசா எழுதினேன். கீழே என் பேரும் கையெழுத்தும் இருக்கு. காலையில ஒரு மணி நேரம் அனுமதி கேட்டேனே, கல்வி அலுவலகத்துல கொடுத்துட்டு முத்திரை வாங்கிட்டுத்தான் வந்தேன்."

"அடிப்பாவி" என்றார் மருந்துக்கடைக்காரர்.

தலைமையாசிரியையின் கை உத்தரவின் மேல் போய் நின்றது. "அப்ப இங்க எதுக்கு வந்த?"

"எங்க அக்கா எழுதிக் கேட்டா. நான் உங்க முன்னாடி நின்னு வாயால கேட்கணும்னு தோணுச்சு."

ஆய்வக அலமாரியின் சாவியைக் கண்ணாடிக் குண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். தலைகீழாகக் கிடந்த என் பெயரை இன்னொரு தடவை பார்த்தேன். ஆசையாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் அது பொய்.

"யோசிச்சுக்கோ. சாவி இங்கேயே இருக்கட்டும். திங்கட்கிழமை வந்து எடுத்துக்கலாம்" என்றார் தலைமையாசிரியை.

"நாலரைக்கு பஸ் டீச்சர்" என்றேன்.

தாழ்வாரத்தில் அம்மா துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த அறைக் கதவு எவ்வளவு மெல்லியது என்று அவளைவிட யாருக்குத் தெரியும். நிமிரவில்லை. துடைப்பான் மட்டும் முன்னும் பின்னும் போய்வந்தது. அவளைத் தாண்டாமல் வாசலுக்குப் போக வழியில்லை.

"கேட்டுட்டியா?"

"கேட்டுட்டேன்."

"எங்க போற?"

"அக்காகிட்ட. அந்தச் சீட்டைப் பத்தி ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கு. திட்டு வாங்க வேண்டியிருக்கு."

அம்மா வாளியை ஓரமாக இழுத்து எனக்கு வழிவிட்டாள். "ஈரம். பார்த்துப் போ."

ஓரமாக நடந்தேன். சுவரில் தகரப் பெட்டி மாட்டிய ஆணி இன்னும் இருந்தது. அதையும் தாண்டி வாசற்படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"முட்டி வலி இப்ப தேவலைன்னு சொல்லு."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுவேன். கேட்டைத் திறந்துகொண்டு பஸ் நிலையத்தின் பக்கம் நடந்தேன்.